சாம்பலுக்குள் இருந்த உலோகம்

விறகடுப்புக் காலத்தில் பாத்திரம் தேய்க்க இரண்டு பொருள்கள் போதும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலிக்கு அடுப்புச் சாம்பல். பச்சைக் களிம்பு பிடித்த பித்தளைக் குடத்துக்குப் புளி. எங்கள் ஆச்சி இதில் ரொம்பக் கறார். வாணலியைப் புளி போட்டுத் தேய்க்கப் போனால், "அதுல பிசுக்குப் போகாது, சாம்பலை எடு" என்று கையிலிருந்து பிடுங்கிவிடுவார். அவருக்கு வேதியியல் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே வேதியியல்.

சாம்பலைத் தண்ணீரில் குழைத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். ஒரு வழுவழுப்பு தெரியும். சோப்பு நீரில் இருக்கிற அதே வழுவழுப்பு. புளிக்கரைசலில் அது இருக்காது. சாம்பல் நீர் ஒரு காரம், புளிக்கரைசல் ஓர் அமிலம். காரம் எண்ணெயோடு சேர்ந்து அதில் கொஞ்சத்தைச் சோப்பாகவே மாற்றிவிடும். பிசுக்கு தண்ணீரோடு போய்விடும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த களிம்பைக் கரைக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

இந்தக் கட்டுரை, பள்ளியில் 'கார உலோகங்கள் நீருடன் வினைபுரிதல்' என்று வருகிற பாடத்தைப் பற்றியது. தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கிற உலோகத்தைப் பற்றிப் பேச அடுப்புச் சாம்பல் எதற்கு என்று தோன்றலாம். அந்த உலோகம் முதன்முதலில் கைக்குக் கிடைத்ததே சாம்பல் வழியாகத்தான். பாடநூல்களில் இந்தச் செய்தி ஓரமாக ஒரு பெட்டிக்குள் கிடக்கும், அல்லது இருக்காது. எனக்கோ இந்தப் பாடம் புரிய ஆரம்பித்ததே அங்கிருந்துதான்.

எது காரம்?

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் மிளகாயையும் காரம் என்கிறோம். அதற்கும் வேதியியல் காரத்துக்கும் உறவில்லை. மிளகாய் எரிவது காப்சைசின் என்ற பொருளால். சூடு பட்டால் விழித்துக்கொள்கிற நரம்பை அது சூடில்லாமலே எழுப்பிவிடுகிறது. வேதியியல் காரம் எரிக்கும் முன்னால் வழுக்கும். மென்மையான காரமாக இருந்தால் கசக்கும். சமையல் சோடா ஒரு சிட்டிகை நாக்கில் பட்டவர்களுக்கு அந்தச் சுவை தெரியும்.

கடைப் பெயர்களிலும் கவனம் வேண்டும். அப்பளக்காரம், வெங்காரம், சவுக்காரம் எல்லாம் பெயருக்கு ஏற்றபடி காரத்தன்மை உள்ளவை. படிகாரம் அப்படி இல்லை. பெயரில் காரம் இருக்கிறது, தண்ணீரில் கரைத்தால் கரைசல் அமிலத்தன்மை காட்டும். சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கிறோமே, அந்தப் படிகாரக் கல்தான்.

பாடநூல் வழக்கு: தமிழ்நாட்டில் அமிலத்தை நடுநிலையாக்குகிற பொருளைக் காரம் என்கிறார்கள், அதில் நன்றாக நீரில் கரைவதை எரிகாரம் என்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் முன்னதன் பெயர் 'மூலம்'. இரண்டு நாட்டுப் புத்தகத்தையும் புரட்டுகிற மாணவர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

'ஆல்கலி' என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. கடலோரம் வளரும் உப்புச் செடிகளை எரித்தால் வரும் சாம்பலைக் குறித்த சொல் அது. அந்தச் சாம்பலில் கிடைப்பது சோடா. உள்நாட்டு மரங்களை எரித்த சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இரும்புப் பானையில் வற்றக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக ஒரு பொருள் மிஞ்சும். அது பொட்டாஷ். பானைச் சாம்பல் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். பொட்டாசியம் என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பானையும் கூடவே வருகிறது. சோப்புக்காரர்களும் கண்ணாடி செய்பவர்களும் நூற்றாண்டுக் கணக்காக இந்த இரண்டையும் வாங்கிப் பயன்படுத்தினார்கள். உள்ளே ஓர் உலோகம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

1807, லண்டன்

இத்தாலிய அறிவியலர் வோல்ட்டா 1800இல் மின்கல அடுக்கை உலகுக்குச் சொன்னார். தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் கருவி அது. ஆங்கிலேய வேதியியலர் ஹம்ப்ரி டேவி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பெரிய பெரிய அடுக்குகளைக் கட்டி, கையில் கிடைத்ததற்கெல்லாம் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். தீயால் பிரிக்க முடியாத பொருளை மின்சாரம் பிரிக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினார். தண்ணீர்தான் பிரிந்தது, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வந்தன, பொட்டாஷ் அப்படியே இருந்தது. அப்புறம் தண்ணீரே இல்லாமல் முயன்றார். காய்ந்த கட்டியில் மின்சாரம் ஓடவில்லை. கடைசியில் எரிபொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கட்டியைச் சற்று நேரம் காற்றில் வைத்து, மேலே லேசாக ஈரம் கசிந்ததும் மின்சாரம் கொடுத்தார். கட்டி தொட்ட இடத்தில் உருகியது. பாதரசத் துளி போலப் பளபளவென்று சிறு மணிகள் தோன்றின. சில மணிகள் தோன்றிய நொடியிலேயே வெடித்துச் சுடர்விட்டு எரிந்தன. 1807 அக்டோபர் 6. டேவிக்கு அப்போது 28 வயது. உதவிக்கு இருந்த உறவினர் எட்மண்ட், டேவி அறைக்குள் மகிழ்ச்சியில் குதித்து ஆடியதைப் பின்னால் சொல்லியிருக்கிறார். சில நாட்களில் எரிசோடாவிலிருந்து (சோடியம் ஹைட்ராக்சைடு) சோடியமும் வந்துவிட்டது.

டேவி அந்த மணியைத் தண்ணீரில் போட்டார். சுடர்விட்டு எரிந்து காணாமல் போனது. தண்ணீரில் மிஞ்சியது என்ன? அவர் தொடங்கிய அதே காரம். காரத்திலிருந்து உலோகத்தை எடுக்கப் பெரிய மின்கல அடுக்கு தேவைப்பட்டது. அந்த உலோகம் திரும்பவும் காரமாவதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதுமாயிருந்தது. மின்சாரம் உள்ளே செலுத்திய ஆற்றல்தான் தீயாக வெளியே வந்தது. இந்த வட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் எளிது.

தொட்டியில் ஒரு துண்டு

சோடியத்தை முதலில் நான் பார்த்தது பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில். பழுப்புப் பாட்டிலில் மண்ணெண்ணெய்க்குள் கிடந்தது, அழுக்கு வெல்லக்கட்டி போல. சார் அதை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, வெள்ளை ஓட்டின் மேல் வைத்துச் சாதாரணக் கத்தியால் வெட்டினார். குளிர்ந்த வெண்ணெய் போல வெட்டுப்பட்டது. வெட்டிய முகம் புது எவர்சில்வர் போல மின்னியது. "பார்த்துக்கிட்டே இருங்க" என்றார். பத்து எண்ணுவதற்குள் மினுமினுப்பு மங்கி, பால் ஆடை படிந்த மாதிரி ஆகிவிட்டது. காற்றில் இருந்த ஆக்ஸிஜனும் ஈரமும் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டன. மண்ணெண்ணெய் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அரைத் துவரம்பருப்பு அளவு துண்டு. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், அதில் பினாப்தலீன் நான்கு சொட்டு. நாங்கள் இரண்டு எட்டுத் தள்ளி நின்றோம். துண்டு விழுந்ததும் மூழ்கவில்லை. நொடியில் உருண்டு வெள்ளி மணியானது, 'ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு தண்ணீர் மேல் அங்குமிங்கும் ஓடியது. ஓடிய வழியெல்லாம் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, அந்தக் கோடு மெல்ல நூல்நூலாக அடியில் இறங்கியது. மணி சிறுத்துக்கொண்டே வந்து மறைந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தொட்டித் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிட்டது.

அந்த ஒரு நிமிடத்தில் பார்த்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மிதந்தது, சோடியத்தின் அடர்த்தி 0.97 என்பதால், தண்ணீரை விட ஒரு துளி லேசு. மணியாக உருண்டது, உருகியதால். சோடியம் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகும், வினையில் வரும் சூடு அதற்குத் தாராளமாகப் போதும். ஓடியது, அடியில் பொங்கும் ஹைட்ரஜன் அதை ஒரு பக்கமாகத் தள்ளியதால். சிவப்பு, அது விட்டுச்சென்ற காரம். பினாப்தலீன் காரத்தில்தான் சிவக்கும்.

அடுத்து சார் ஒரு வடிதாளைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டு, அதன்மேல் அதே அளவு துண்டு வைத்தார். இந்த முறை தீப்பிடித்து மஞ்சளாக எரிந்தது. முதல் துண்டு ஓடி ஓடித் தன் சூட்டைத் தண்ணீரிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. இது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது. சூடு அங்கேயே ஏறி ஹைட்ரஜனைப் பற்றவைத்துவிட்டது. அதே உலோகம், அதே தண்ணீர். ஒரு தாள் வந்ததும் முடிவு மாறிவிட்டது. இதனால்தான் வீட்டில், மொட்டைமாடியில் யாரும் இதைச் செய்யக்கூடாது என்கிறேன். துண்டு எப்போது ஓடும், எப்போது மாட்டும் என்று நமக்குத் தெரியாது. சிதறுவது சூடான எரிசோடா. கண்ணில் பட்டால் பார்வை போகும்.

சொல்லால் எழுதினால் வினை இவ்வளவுதான்:

சோடியம் + நீர் → சோடியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரஜன்

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 23 கிராம் சோடியம் முழுதும் வினைபுரிந்தால் 40 கிராம் எரிசோடாவும் ஏறக்குறைய 12 லிட்டர் ஹைட்ரஜனும் வரும். கூடவே வெளியாகும் சூடு ஏறத்தாழ 184 கிலோஜூல். அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு.

எல்லாம் ஓர் எலக்ட்ரானுக்காக

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். உள்கூட்டில் 2, அடுத்ததில் 8, வெளியே தனியாக 1. உள்ளே இருக்கும் பத்தும் கெட்டியாகப் பூட்டிய அமைப்பு. வெளியே இருப்பது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி, எழுந்து போக நேரம் ஆகாது. லித்தியம், பொட்டாசியம், ருபிடியம், சீசியம், ஃபிரான்சியம் எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு. அதனால்தான் ஒரே குடும்பம்.

பட்டியலில் கீழே போகப்போக அணு பெரிதாகிறது, திண்ணை உள்கட்டிலிருந்து தள்ளிப் போகிறது. உட்கருவின் பிடி தளர்கிறது. ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அளவு, சோடியத்தில் அது 23 கிராம்) அணுக்களிலிருந்து அந்த எலக்ட்ரானைப் பிரிக்க லித்தியத்துக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, சீசியத்துக்கு 376. அதனால் லித்தியம் தண்ணீரில் அமைதியாகக் குமிழிவிடும், சோடியம் சீறும், பொட்டாசியம் உடனே ஊதா நிறத்தில் எரியும், ருபிடியமும் சீசியமும் தொட்டியையே உடைத்துவிடும். அவை இரண்டும் தண்ணீரை விடக் கனமானவை, மூழ்கி உள்ளிருந்து வெடிக்கும். ஃபிரான்சியத்தை யாரும் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை. 1939இல் மார்கரீத் பெரே கண்டுபிடித்த அந்தத் தனிமத்தின் அரை ஆயுள் 22 நிமிடம். கண்ணுக்குத் தெரிகிற அளவு சேர்ப்பதற்கு முன்பே சிதைந்துவிடும்.

இங்கே ஒரு புதிர். ஒரு மோலுக்கு வெளியாகும் மொத்தச் சூட்டை அளந்தால் முதலிடம் சீசியத்துக்கு இல்லை, சாதுவாக இருக்கிற லித்தியத்துக்கு! எலக்ட்ரானை இழந்த சிறிய லித்தியம் அணுவை, அதாவது லித்தியம் அயனியை, தண்ணீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சூழ்ந்துகொள்வதில் நிறைய ஆற்றல் கிடைக்கிறது. அப்படியானால் ஏன் வெடிக்கவில்லை? லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும். தண்ணீர் மேல் அது திடமாகவே இருக்கிறது, மெதுவாகக் கரைகிறது. பணம் மொத்தமாக எவ்வளவு என்பது வேறு, ஒரே நாளில் செலவழிகிறதா என்பது வேறு. வெடிப்புக்கு வேகம்தான் கணக்கு. 'அதிக ஆற்றல், ஆகவே அதிக வெடிப்பு' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி நூறாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. உலோகம் தண்ணீரைத் தொட்டதும் நடுவில் ஹைட்ரஜனும் நீராவியும் ஒரு மெத்தை போலப் பரவுமே? அந்த மெத்தை இரண்டையும் பிரித்து வினையை அடக்கிவிட வேண்டும். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஆவியாகாமல் உருண்டு ஓடுவது அப்படிப்பட்ட மெத்தையால்தான். பிறகு எப்படி வெடிக்கிறது? பிராகில் உள்ள செக் அறிவியல் அகாதமியில் பாவெல் யுங்விர்த், பிலிப் மேசன் குழுவினர் சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகக் கலவையைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கேமராவால் படம் பிடித்தார்கள். 2015இல் விடையை வெளியிட்டார்கள். சொட்டு தொட்ட பிறகு ஒரு மில்லி விநாடிக்குள் அதிலிருந்து முள்முள்ளாக உலோகம் நீட்டிக்கொண்டு வருகிறது, முள்ளம்பன்றி சிலிர்த்த மாதிரி.

காரணம் திண்ணை ஆட்கள்தான். மேற்பரப்பில் இருந்த எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே கணத்தில் தண்ணீருக்குள் பாய்ந்துவிடுகின்றன. பின்னால் மிஞ்சுவது நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளின் கூட்டம். ஒன்றையொன்று விரட்டும் அந்தக் கூட்டம் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாமல் நாலாபக்கமும் சிதறுகிறது. ஒவ்வொரு முள்ளும் புதுத் தண்ணீரைத் தொடுகிறது, மெத்தை பரவ நேரமே கிடைப்பதில்லை. ஹைட்ரஜன் எரிவது அதற்குப் பிந்திய காட்சி. 1807இலிருந்து மாணவர்கள் பார்த்துவருகிற ஒரு சோதனைக்குள் இப்படி ஒன்று 2015 வரை ஒளிந்திருந்தது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்புத் தருகிறது.

டன் கணக்கில் சோடியம்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் உபரிச் சோடியம் தேங்கியது. 1947இல் அதில் ஏறக்குறைய 9 டன்னை வாஷிங்டன் மாநிலத்தின் லெனோர் ஏரியில் பீப்பாய் பீப்பாயாக உருட்டித் தள்ளினார்கள். படமும் எடுத்தார்கள். பீப்பாய் தண்ணீரில் மிதந்து வெடிக்க வெடிக்கத் தண்ணீர்த்தூண் எழுவதை அதில் பார்க்கலாம். இன்று அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அத்தனை சோடியமும் எரிசோடாவாக அந்த ஏரியில்தான் கரைந்தது.

இதற்கு நேர்மாறான காட்சி நம் கல்பாக்கத்தில். அங்கே 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேகப் பெருக்கச் சோதனை அணுஉலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். அடுத்துக் கட்டிய 500 மெகாவாட் உலைக்குத் தேவையான சோடியம் 1,700 டன்னுக்கும் மேல். தண்ணீரைக் கண்டாலே ஆகாத பொருளை ஏன் அங்கே வைக்க வேண்டும்? இந்த உலை இயங்குவது வேகமான நியூட்ரான்களால். அவற்றைத் தண்ணீர் மெதுவாக்கிவிடும், சோடியம் அவ்வளவாக மெதுவாக்காது. வெப்பத்தைப் பிரமாதமாகக் கடத்தும். 883 டிகிரியில்தான் கொதிக்கும், ஆகவே அதிக அழுத்தம் தேவையில்லை.

ஆனாலும் கடைசியில் விசைச்சுழலியைச் சுற்ற நீராவி வேண்டுமே. அதனால் ஒரு கட்டத்தில் எஃகுக் குழாய்ச் சுவரின் ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர். அந்தச் சுவரில் ஊசித்துளை விழுந்தாலும் சோடியத்துக்குள் ஹைட்ரஜன் சேர ஆரம்பித்துவிடும். அதைத்தான் உணரிகள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கின்றன. பள்ளித் தொட்டியில் குமிழியாகப் பார்த்த அதே ஹைட்ரஜன் அங்கே அபாயமணி.

சோடியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமான தீயணைப்பு வாயுவான கார்பன் டை ஆக்ஸைடும் உதவாது. உலர்ந்த தூள்களைக் கொண்டு மூடி, காற்றை மறுக்க வேண்டும்.

தண்ணீரும் ஓர் அமிலமா?

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழி வரும். சாதாரணத் தண்ணீரில் போட்டால் ஒன்றும் நடக்காது. துத்தநாகத்துக்கு அமிலம் வேண்டும். சோடியமோ தன் எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது. வாங்கிக்கொள்ளத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜனே அதற்குப் போதும். சோடியத்தின் பார்வையில் தண்ணீரும் ஓர் அமிலம். கார உலோகப் பாடமும் அமில-காரப் பாடமும் சேருகிற இடம் இதுதான். இரண்டையும் வேறு வேறு அத்தியாயமாக வைத்துவிடுவதால் இந்த இணைப்பு கண்ணில் படுவதில்லை.

தூய தண்ணீரிலும் சில மூலக்கூறுகள் பிரிந்துதான் இருக்கின்றன: ஹைட்ரஜன் அயனி ஒன்று, ஹைட்ராக்சைடு அயனி ஒன்று. எவ்வளவு? ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று. இந்தச் சொற்ப எண்ணிக்கையின் சமநிலை சரிவதுதான் அமிலமும் காரமும். ஹைட்ரஜன் அயனி கூடினால் அமிலம், ஹைட்ராக்சைடு கூடினால் காரம், சமமாக இருந்தால் நடுநிலை. ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ரேனியஸ் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்டுத்தந்த பாதை இது. 1923இல் பிரான்ஸ்டெடும் லௌரியும் தனித்தனியே இதை விரித்து, ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம் என்றார்கள். தொடக்கத்துக்கு அர்ரேனியஸ் போதும்.

கூடுதல் குறைவை அளக்க 1909இல் சோரன்சன் ஓர் அளவுகோல் தந்தார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அதுதான் பி.எச். அளவு. நடுநிலை 7. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மட்டும் மறக்கவேண்டாம். பி.எச். 3 உள்ள கரைசலில், 5 உள்ளதை விட ஹைட்ரஜன் அயனி நூறு மடங்கு.

எலுமிச்சைச் சாறு 2க்குச் சற்று மேலே, தயிர் நாலரையை ஒட்டி, பால் ஆறரைக்குப் பக்கம். நம் ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் நடுவே, அந்தக் கோட்டை விட்டு அது விலகினால் உயிருக்கு ஆபத்து. சமையல் சோடாக் கரைசல் 8க்குக் கொஞ்சம் மேல். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர் பன்னிரண்டரையை நெருங்கும். சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகிறதே, அதற்கு இந்த எண்தான் காரணம்.

வலிமையும் செறிவும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் திரும்பத் திரும்பக் குழப்பிக்கொள்வார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் முழுதும் அயனியாகப் பிரிந்துவிடும். அதனால் வலிமையான அமிலம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பிரியாது. அது மென்மையான அமிலம். எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்கிறோம் என்பது தனிச் செய்தி, அது செறிவு. எரிசோடா வலிமையான காரம், அம்மோனியா மென்மையான காரம்.

அமிலமும் காரமும் சந்தித்தால் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தண்ணீராகிவிடும், மிஞ்சியது உப்பு. கையைப் புண்ணாக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கையைப் புண்ணாக்கும் எரிசோடாவையும் சரியான அளவில் கலந்தால் வருவது தூத்துக்குடி உப்பளத்தில் விளைகிற அதே உப்பின் கரைசல். ஆனால் கலக்கும்போது நல்ல சூடு வரும். அதனால்தான் கையில் அமிலம் பட்டால் அதன்மேல் காரம் ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவவேண்டும், குறைந்தது 15, 20 நிமிடம். கண் என்றால் கழுவியபின் உடனே மருத்துவமனை. கழிவறை சுத்தம் செய்கிற அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுவது இன்னும் மோசம். வருவது குளோரின் வாயு.

மஞ்சள் சொல்லும் சாட்சி

ஆய்வகத்துப் பினாப்தலீன் இல்லாவிட்டாலும் நம் வீட்டில் ஒரு நிறங்காட்டி இருக்கிறது. வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டி, சோப்பு போட்டதும் கறை ரத்தச் சிவப்பாக மாறியதைப் பார்த்துப் பதறியிருப்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சள், காரத்தில் செம்பழுப்பு. அலசினால் சோப்புக் காரம் போய்த் திரும்ப மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் குங்குமச் சிவப்பு வருவதும் இதுவே. கல்யாண வீட்டில் பெண்கள் ஆலம் கரைக்கிற அந்தக் கணம் சுத்தமான வேதியியல் சோதனை.

இதை வைத்து ஆபத்தில்லாமல் நீங்களே செய்துபார்க்க ஒன்று. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவையுங்கள். விறகுச் சாம்பல் இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு செம்பு தண்ணீரில் கலக்கி ஒரு ராத்திரி விடுங்கள். வேப்பங்கட்டையோ தென்னை மட்டையோ, எந்த விறகானாலும் சரி. காலையில் மேலே தெளிந்திருக்கும் நீரில் பொட்டாசியம் கார்பனேட்டு கரைந்திருக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, ஒரு குச்சியால் அந்த நீரைத் தொட்டுத் தாளில் கோடு இழுங்கள். சிவப்புக் கோடு விழும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் கோடு அழிந்து மஞ்சள் திரும்பும். மிச்சச் சாம்பல் நீரில் எலுமிச்சையை நன்றாகப் பிழிந்தால் நுரை வருகிறதா என்றும் பாருங்கள். அது கார்பனேட்டிலிருந்து கிளம்பும் கார்பன் டை ஆக்ஸைடு.

டேவியும் மஞ்சள் தாள்தான் வைத்திருந்தார். தான் எடுத்த பொட்டாசிய மணியை, மஞ்சள் தோய்த்த ஈரத்தாள் மேல் போட்டுப் பார்த்தார். மணி எரிந்துகொண்டே தாளில் ஈரத்தைத் தேடுவது போல விரைந்து ஓடியது. ஓடிய தடத்தை 1807ஆம் ஆண்டு சொற்பொழிவில் அவர் குறித்து வைத்திருக்கிறார்: ஆழ்ந்த செம்பழுப்பு. உங்கள் தாளில் குச்சி இழுத்த கோட்டின் நிறமும் அதுதான்.